திரைக்கு அடியில் வந்த கை

கமர் ஜஹான் பணத்துக்காகத்தான் கோர்ட்டுக்குப் போனாள் என்று சொல்கிறவர்கள் வாயில் மண் விழட்டும். பணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சோறு தின்கிறவள், வாடகை கொடுக்கிறவள், எப்படிச் சொல்வாள்? ஆனால் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னாலிருக்கும் சந்திலிருந்து மூன்று வருஷமாக அவள் பாரிமுனைக்கு நடையாய் நடந்தது வேறொன்றுக்காக. தன் புருஷன் அப்துல் கரீம் திருடன் இல்லை என்று ஒரு ஜட்ஜ் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அப்துல் கரீம் கடைகளுக்கு சீரியல் லைட் கட்டுகிறவர். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. இரண்டாம் மாடி முகப்பில் விளக்குச் சரம் பாதி எரியவில்லையாம், உடனே வா பாய் என்றார்கள். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஏணியில் நின்றபடி மெயினை அணைக்கச் சொன்னார். கடை நிறையக் கூட்டம். விளக்கை அணைத்தால் கையில் எடுத்த புடவையைக் கீழே வைத்துவிட்டுப் பொம்பளைகள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களே! அணைக்கிறோம், அணைக்கிறோம் என்றார்கள். கடைசிவரை அணைக்கவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் பூ விற்கிற முத்தம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாக் அடித்து அவர் மேலேயிருந்து விழுந்தபோது அவள்தான் முதலில் ஓடினாள்.

ஷரஃபுதீன் பாய்தான் கேஸ் போடச் சொன்னார். அப்துல் கரீமின் அண்ணன், சந்து முனையில் மெத்தைக் கடை வைத்திருக்கிறவர். அபிராமபுரத்தில் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்த வக்கீல் நீரஜாவிடம் அவர்தான் கூட்டிப்போனார். இருபத்திரண்டு லட்சம் நஷ்டஈடு கேட்கலாம் என்றாள் நீரஜா. அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. செத்தவருக்கு ஐம்பத்தொரு வயது என்றால் வருஷ வருமானத்தைப் பதினொன்றால் பெருக்குவார்களாம். சீரியல் லைட்காரருக்கு ரசீது ஏது, அதனால் வருமானமாக கோர்ட்டே ஒரு தொகையை வைத்துக்கொள்ளுமாம். அதிலும் மூன்றில் ஒரு பங்கை, அவர் உயிரோடிருந்தால் தானே தின்று தீர்த்திருப்பார் என்று கழித்துவிடுவார்களாம். தின்னாத சோற்றைக்கூடக் கழிக்கிறார்களே பாவிகள் என்று கமர் ஜஹான் நினைத்துக்கொண்டாள்.

கோர்ட் ஃபீஸ் கட்ட வழியில்லை. ஏழை என்று நிரூபித்தால் ஃபீஸ் வேண்டாம். நிரூபிக்க ஒரு ரெவின்யூ ஆள் வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது அதற்கப்புறம் வந்தது. கடைக்காரர்கள் கோர்ட்டில் பதில் போட்டார்கள். அப்துல் கரீமை யாரும் கூப்பிடவில்லையாம். அனுமதியில்லாமல் ஏறி, மாடியிலிருந்த பழைய செம்புக் கம்பியை அறுத்து எடுக்கப் பார்த்தபோது ஷாக் அடித்ததாம். ஐந்து வேளை தொழுகிறவர், கீழே கிடந்த ஸ்க்ரூவைக்கூடக் கடைக்காரன் கையில் கொடுத்துவிட்டு வருகிறவர், கம்பி திருடினாராம்! பதிலோடு ஒரு ஜெராக்ஸும் இருந்தது. அவர் இறந்த இருபத்து மூன்றாம் நாள் எழுதிய ஒப்பந்தம். 'என் கணவர் அனுமதியின்றிக் கம்பி எடுக்க ஏறியதால் நேர்ந்த விபத்து இது. கடைக்கு இதில் பொறுப்பில்லை. மனிதாபிமான அடிப்படையில் ரூபாய் மூன்று லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' அதற்குக் கீழே கமர் ஜஹானின் கையெழுத்து.

அவள் அப்படி ஒரு காகிதத்தைக் கண்ணால் கண்டதில்லை. மூன்று லட்சம் அல்ல, மூன்று ரூபாயைக்கூடக் கண்டதில்லை. கடைக்காரனே கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றார் ஷரஃபுதீன். ஆமாம் என்றாள் மகள் மஹ்விஷ். மருமகன் ஃபராஸும் தலையாட்டினான். நான் கையெழுத்துப் போடவில்லை என்று கமர் ஜஹான் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தாள். கையெழுத்து எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்பினால் இரண்டு வருஷம் இழுக்கும், முதலில் காகிதத்தைக் கொண்டுபோனதாகச் சொல்கிற கடை மேனேஜரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறேன் என்றாள் நீரஜா.

கேஸ் நல்லபடியாகவே போனது. முத்தம்மா கூண்டில் ஏறி, "அந்த பாய் மெயினு மெயினுன்னு கத்திக்கினே இருந்தாரு. ஒருத்தனும் காதுல வாங்கல" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். கடையின் வக்கீல் சாய்நாத் எப்படித் திருப்பிக் கேட்டும் அவள் அசையவில்லை. மிச்சமிருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். அது பொய்யென்றாகிவிட்டால் ஜெயித்த மாதிரி என்றாள் நீரஜா.

மேனேஜர் நாகராஜ் கூண்டில் ஏறிய அன்று ஷரஃபுதீன் பாய் மதிய லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நீரஜா எழுந்து, கையெழுத்துப் போட்டவர் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை, அவர்கள் வழக்கப்படி அந்த அம்மா வெளி ஆண்கள் முன்னால் வரவில்லை என்றார் நாகராஜ். முகத்தையே பார்க்காமல் இவர்தான் போட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள், நீங்கள் அந்த வீட்டுக்கே போகவில்லை என்கிறேன், என்று மடக்கினாள். நாகராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பெண்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிற மனுஷர். கைவளையலைப் பார்த்தே எந்த விலைப் புடவையை எடுத்துப் போடலாம் என்று சொல்லக்கூடியவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"போனேம்மா. உள்வாசல்ல திரை கட்டியிருந்தாங்க. நீலக் கோடு போட்ட மெத்தைத் துணி. அதுக்கு அடியில பேப்பரையும் பேனாவையும் தள்ளினேன். ஒரு கை வந்து வாங்கிச்சு. கை நெறைய சிவப்பு அரக்கு வளையல், கண்ணாடிச் சில்லு பதிச்சது. சத்தம்கூட என் காதுல இருக்கு. கையெழுத்துப் போட்டு அதே கை வெளிய தள்ளிச்சு."

நீரஜா சட்டென்று திரும்பி கமர் ஜஹானைப் பார்த்தாள். நீரஜாவின் கண் மின்னியது. புருஷன் போய் இருபத்து மூன்றாம் நாள் எந்தப் பெண் கை நிறைய வளையல் போடுவாள்? அதிலும் இத்தா இருக்கிறவள்! நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல், வளையலில்லாமல், மருதாணியில்லாமல், சாயப் புடவையில்லாமல் இருக்கிறவள்! அது வேறு யாருடைய கையோ. காகிதம் பொய். கமர் ஜஹானுக்கும் நெஞ்சு குளிர்ந்தது. யா அல்லாஹ், வந்துவிட்டது நியாயம் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம்தான் அந்தச் சந்தோஷம்.

நீலக் கோடு போட்ட மெத்தைத் துணி. அதை இத்தாவின் முதல் நாளே ஷரஃபுதீன் பாய் தன் கடையிலிருந்து கொண்டுவந்து, தன் கையால் ஆணி அடித்துக் கட்டினார். இவனுக்கு அது எப்படித் தெரியும்? அப்படியானால் இவன் வந்திருக்கிறான். அவள் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறான். கண்ணாடிச் சில்லு பதித்த சிவப்பு அரக்கு வளையல் அந்த வீட்டில் ஒருத்தி கையில்தான் இருந்தது. மஹ்விஷ் கல்யாணத்துக்கு ஃபராஸின் பெரியம்மா ஹைதராபாத்திலிருந்து வாங்கிவந்தது. அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அம்மாவுக்குத் துணையாகப் புருஷனோடு வந்து தங்கியிருந்தாள். அப்பா மய்யித்தைத் தூக்கிய அன்று அவள் வளையலைக் கழற்றப் போனபோது தடுத்தது யார்? கமர் ஜஹானேதான். இத்தா எனக்குத்தாண்டி, புருஷன் இருக்கிறவள் கையை வெறுமையாக்காதே என்று சொல்லிப் பிடித்துக்கொண்டாள்.

கையெழுத்தும் விளங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்தே ராங்க் கார்டில் அம்மா கையெழுத்தை மஹ்விஷே போட்டுக்கொள்வாள். தெரிந்தபோது கமர் ஜஹான் அடிக்கவில்லை, என்னைவிட அழகாகப் போடுகிறாளே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது சம்பளம் கிடைத்தது.

வெளியே வந்தபோது ஷரஃபுதீன் பாய் தொழுதுவிட்டு வந்து நின்றார். மேனேஜர் வளையலைப் பற்றி உளறிவிட்டான், உங்கள் தம்பி சம்சாரத்தை மறுபடி கூண்டில் ஏற்றி இரண்டே கேள்வி கேட்டால் போதும் என்று நீரஜா சொன்னாள். அந்த ஜவுளிக்கடைப் பொம்பளை யாராவது போட்டிருப்பாள் என்று ஷரஃபுதீன் கையைத் தட்டிக்கொண்டார். 

மறுநாள் கமர் ஜஹான் அடையாறுக்குப் போனாள். பஸ் டிப்போவுக்குப் பக்கத்துத் தெருவில் ஃபராஸ் செல்போன் கவர் விற்கிற கடை வைத்திருந்தான். துபாய் சித்தப்பா கொடுத்த பணத்தில் போட்ட கடை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடியில் வீடு. மஹ்விஷ் ரெண்டு வயது மகள் ஆயத்துக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செகப்பு வளையல்லாம் எங்கடி?" என்று கேட்டாள் கமர் ஜஹான்.

மஹ்விஷ் தட்டைக் கீழே வைத்தாள். எந்த வளையல் என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் முடிந்துபோனது.

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். மேனேஜர் காகிதத்தோடு வந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு தடவை எழுப்பினாளாம். என்னை ஒன்றும் கேட்காதே, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாளாம். கமர் ஜஹானுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமில்லை. சொல்லியிருக்கவும் கூடும். அந்த நாட்களில் அவள் எதைத்தான் நினைவோடு சொன்னாள்?

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஃபராஸும் மேலே ஏறி வந்தான். அவனுக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்கிற ஜாதி. "மாமி, அன்னிக்கு வேணாம்னு சொல்லிருந்தா அந்த மூணு லட்சமும் இந்தக் கடையும் வந்திருக்காது. நீங்க கேஸு போடுவீங்கன்னு நம்மளுக்கு இன்னா தெரியும்? நீங்க ஜெயிச்சாலும் அவன் அப்பீல் அப்பீல்னு போய்க்கினே இருப்பான்."

கமர் ஜஹான் மகளைத்தான் பார்த்தாள்.

"அதுல உங்கப்பாவைப் பத்தி இன்னா எழுதியிருந்துச்சுன்னு படிச்சியா?"

மஹ்விஷ் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "படிச்சேன் அம்மி. அப்பாதான் போய்ட்டாரே, அவருக்கு இனிமே இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கமர் ஜஹான் எழுந்துவந்துவிட்டாள். ஆயத் படிவரை வந்து நானி, நானி என்று சோற்றுக் கையை ஆட்டியது. அதைத் தூக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் நீரஜா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இத்தாவில் வளையல் போடுவீர்களா என்று கேட்பேன், இல்லை என்று சொல்லுங்கோ. சாய்நாத் குறுக்கே விழுந்து, அப்ப யார் கை அது, வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று குடைவார். கமர் ஜஹான் மெதுவாகக் கேட்டாள், வீட்டில் இருந்த வேறு பொம்பளை போட்டதென்று ஆகிவிட்டால் அவளை என்ன செய்வார்கள்?

நீரஜா பேனாவை மூடினாள்.  அப்படியானால் அவளைக் கூண்டுக்கு இழுப்பார்கள், கள்ளக் கையெழுத்துப் போட்டு மூணு லட்சம் ஏமாற்றினாள் என்று கடைக்காரர்களே போலீசுக்குப் போவார்கள், ஜெயில்வரை போகும் என்றாள். கமர் ஜஹான் மேலே ஏதோ சொல்லப்போனபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தப் பேரை எங்கிட்டச் சொல்லாதீங்கோ. தெரிஞ்சுண்டா நாளைக்கு என்னால வாயைத் திறக்க முடியாது."

அன்று ராத்திரி அவள் தூங்கினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தத் தாய் தூங்குவாள்? ஒரு பக்கம் கபரில் கிடக்கிற மனுஷன், பேரைக் காப்பாற்ற இவளைத் தவிர நாதியில்லாதவன். இன்னொரு பக்கம் சோற்றுக் கையை ஆட்டுகிற குழந்தை, அதன் அம்மா.

மறுநாள் கூண்டில் ஏறினாள். ஷரஃபுதீன் பாய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு நியாயம் கிடைக்கிற நாள் என்று வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, பள்ளிவாசல் செயலாளரையும் கூட்டிவந்திருந்தார். ஜட்ஜ் அம்மா தலையை ஆட்டியதும் நீரஜா கேட்டாள்.

"உங்க கணவர் தவறி இருபத்து மூணாவது நாள், உங்க கையில வளையல் இருந்துதா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த இல்லைக்குப் பின்னாலேயே 'அப்ப யார்' நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் 'வீட்டில் யார் யார்' நின்றுகொண்டிருந்தது. எந்த இல்லையைச் சொன்னாலும் அது அடையாறுக்குப் போய், அந்த மாடிப்படி ஏறி, கதவைத் தட்டிவிடும்.

"இருந்துச்சும்மா" என்றாள் கமர் ஜஹான்.

டைப் அடிக்கிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.  நீரஜா மேலே கேள்வியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சாய்நாத்துக்கு நாக்கில் தேன் தடவின மாதிரி ஆகிவிட்டது. எழுந்து, ஒவ்வொன்றாக, நிதானமாகக் கேட்டார். அந்தக் கை உங்கள் கைதானா? ஆமாம். கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். அப்படியானால் போடவில்லை என்று செய்த சத்தியம் பொய்யா? பொய். மூன்று லட்சம் வாங்கினீர்களா? வாங்கினேன்.

அதோடு விட்டாரா? காகிதத்தை எடுத்து, என் கணவர் அனுமதியின்றிக் கம்பி எடுக்க ஏறியதால் என்கிற வரியைச் சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார். அந்த அநியாயத்தையாவது மறுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் உங்களுக்கு யார் படித்துக் காட்டினார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பான்.

"இதைப் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

மஹ்விஷ் சொன்ன அதே வார்த்தையை அவளும் சொன்னாள். "படிச்சேன்."

ஜட்ஜ் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோர்ட் நேரத்தை இப்படி வீணாக்கலாமா, ஏழை என்று சொல்லி ஃபீஸ் கட்டாமல் வந்து பொய்ச் சத்தியமா என்று கண்டித்தார். வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். செத்தவன் மறுபடி செத்ததை அன்றுதான் பார்த்தோம். முத்தம்மாவின் சாட்சி, மெயினு மெயினு என்று அவர் கத்தியது, எல்லாம் கேஸ் கட்டுக்குள்ளேயே கிடந்து மட்கும். இனி அந்தப் பக்கங்களை யாரும் புரட்டப் போவதில்லை.

வராண்டாவில் ஷரஃபுதீன் பாய் நின்றார். செயலாளர் அவரைவிட்டு இரண்டடி தள்ளி நின்று வேறெங்கோ பார்த்தார். நிதானமாக யோசித்திருந்தால் ஷரஃபுதீனுக்கு ஏதாவது விளங்கியிருக்கும், மூளையில்லாதவரல்ல. ஆனால் கோபம் எவனை யோசிக்கவிட்டிருக்கிறது? இத்தனை வருஷமும் தம்பி பெண்சாதியை நேருக்கு நேர் பார்த்துப் பேசாத மனுஷர், அன்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"அந்தத் திரையை நான்தான் கட்டினேன். அதுக்குப் பின்னால வளையல் போட்டுக்கினு உட்காந்திருந்தியா? என் தம்பிக்கு நாலு மாசம் பொறுக்க முடியலியா உனக்கு?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். காலையில் அவளை ஆட்டோவில் அவர்தான் கூட்டிவந்தார்.

கமர் ஜஹான் கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்தாள். பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சேப்பாக்கம் தாண்டும்போது போன் அடித்தது. மஹ்விஷ். கோர்ட்டில் நடந்தது அதற்குள் யார் மூலமோ போய்ச் சேர்ந்திருந்தது. அம்மி, அம்மி என்று விம்மினாள். உங்களை மாதிரி யார் இருப்பாங்க என்றாள். ஆயத் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள். அழுகை அடங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பக்கத்தில் ஃபராஸ் ஏதோ சொல்வது கேட்டது.

"அம்மி, ஒண்ணே ஒண்ணு. கேஸு போய்டுச்சுன்னா, அந்த மூணு லட்சத்தைத் திருப்பிக் கேப்பாங்களா?"

கமர் ஜஹான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவர் போனதிலிருந்து மூன்று வருஷமாக அதில் ஒரு வளையல் ஏறவில்லை.

"கேக்க மாட்டாங்க" என்றாள். "வாங்கினது நான்தானே. கோர்ட்டுல எழுதிக்கிட்டாங்க."